சிவப்புக் கொடிக்கு அப்பால்

நாய்க்கு ஒன்றும் ஆகாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கண்ணுகளா. நாய் வருகிற கதை என்றால் உங்களில் பாதிப் பேர் கடைசிவரை நாயையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள், மற்றது எதுவும் காதில் ஏறாது. அந்தக் கவலையை இங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள். மற்றவர்களுக்கு இப்போதே வாக்குக் கொடுக்க என்னால் முடியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை. மதகுக்காரி ஏரி மதகின் மேலுள்ள இரும்பு நடைமேடையில் நின்று மோட்டாருக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தாள். ஏரித் தண்ணீரைத் திறந்து மூடுவது அவள் வேலை, அதனால் அந்தப் பெயர். கையைத் துடைக்க நிமிர்ந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். ஏரிக்குள்ளே மூன்று நாய்கள் தண்ணீரின் மேல் நடந்துகொண்டிருந்தன.

நீந்தவில்லை. நடந்தன. முன்னால் ஒரு மஞ்சள் நாய், பாதம் மட்டும் நனைய, வாலைத் தூக்கிக்கொண்டு, சொந்த வீட்டுக்குப் போகிற மாதிரிப் போயிற்று. போகிற திசையில் மரக்கூட்டம் நின்றது. மரமெல்லாம் நாரைக் கூடு. கூட்டிலெல்லாம் இன்னும் பறக்கத் தெரியாத குஞ்சுகள்.

துணியை வீசிவிட்டுப் போனை எடுத்தாள்.

“டேய் பள்ளம், எந்திரி.”

“ஞாயித்துக்கிழமைக்கா.”

“உன் மேஸ்திரி தண்ணி மேல நடந்து போறா.”

“போவா. அவளுக்கு இல்லாத தகுதியா?”

“விளையாடாதடா. கூட ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு நாரை மரத்துக்குப் போறா.”

போனுக்குள் கட்டில் கிறீச்சிட்டது. 

பள்ளம் என்பது அவள் தம்பிக்கு வேலைத்தளத்தில் விழுந்த பட்டப்பெயர். பொக்லைன் ஓட்டுகிறவன். அவனை எங்கே விட்டாலும் ஒரு பள்ளம் தோண்டிவிட்டுத்தான் திரும்புவான் என்று யாரோ கேலி பண்ண, அதுவே நிலைத்துவிட்டது. கூடப் பிறந்தவளும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். மேஸ்திரி என்பது மனிதர் இல்லை, அந்த மஞ்சள் பெட்டை நாய். தளத்தில் எந்த வண்டி கிளம்பினாலும் முன்னால் ஓடி, மண்ணை மோந்து பார்த்து, ‘ம், வரலாம்’ என்பது போலத் திரும்பி நிற்கும். பெயர் வைத்தவன் பள்ளம்தான். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வண்டியின் வாளியைத் தரையில் இரண்டு தரம் தட்டுவான். டொம், டொம். மேஸ்திரி எங்கே இருந்தாலும் பறந்து வரும். டிபன் டப்பாவில் பாதி ரொட்டி அதற்கு.

அந்த மரங்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். நகரத்தில் முன்பு இரண்டு ஏரிகள் இருந்தன, இரண்டிலும் நாரைகள் குடியிருந்தன. மற்ற ஏரியில் இடிபாடு கொட்டி நிரப்பி அடுக்குமாடி வீடு கட்டிவிட்டார்கள். அங்கே இருந்த நாரைகள் ஒரு பருவம் முழுக்க மொட்டைமாடிகளுக்கு மேலே வட்டம் போட்டுக்கொண்டே திரிந்தன. கூடு கட்டவில்லை. மறு பருவம் இங்கே வந்து சேர்ந்தபோது பாதிகூட மிஞ்சவில்லை. ஏற்கெனவே இங்கே இருந்தவை உயரக் கிளைகளை விட்டுத்தருமா? வந்தவற்றுக்குக் கிடைத்ததெல்லாம் தண்ணீரின் மேல் சாய்ந்து கிடந்த தாழ்ந்த கிளைகள். கை நீட்டினால் எட்டுகிற உயரம். இருந்தாலும் பயமில்லை, சுற்றிலும் ஆழத் தண்ணீர். நாய் வராது, பூனை வராது, கீரி வராது. ஏரிதான் அவற்றுக்கு வீடு, தண்ணீர்தான் தாழ்ப்பாள்.

அந்தத் தாழ்ப்பாள் மதகுக்காரியின் கையில் இருந்தது. குஞ்சுகள் பறக்கும்வரை அதை அவள் பொத்திப் பொத்திக் காப்பாள். நாரையின் குணம் அவளுக்குத் தெரியும். ஒரு குஞ்சைக் காக்கை கொத்திப் போனால் அது பொறுத்துக்கொள்ளும். மரத்தடியில் நாய் நடமாடினால் பொறுக்காது. ஒன்று எழும், பத்து எழும், கடைசியில் மொத்தக் கூட்டமும் குஞ்சுகளை அப்படியே போட்டுவிட்டுக் கிளம்பிவிடும். பிறகு வருஷக்கணக்கில் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. இந்த மரத்தையும் விட்டால் அந்த நாரைகளுக்கு இனி வேறு மரமில்லை.

“அங்க ஆள் மூழ்கற ஆழம்டா. நானே கழி விட்டுப் பார்த்தேன். எப்படி நடக்குது?” என்றாள்.

“அக்கா…” தம்பியின் குரல் உள்ளே போயிருந்தது. “அங்க மண்ணு இருக்கு.”

“என்ன மண்ணு?”

“நான் போட்ட மண்ணு.”

அது நடந்தது இப்படி. ஏரிக்குக் குறுக்கே பாலம் வருகிறது. தூண் இறக்கும் இயந்திரம் போக, கரையிலிருந்து தண்ணீருக்குள் தற்காலிகமாக ஒரு மண் பாதை போட்டிருந்தார்கள். பாதையின் முனைக்கும் முதல் மரத்துக்கும் நடுவே ஒரு தெரு அகலம் ஆழத் தண்ணீரை விட்டுவைத்திருந்தார்கள். லாரிகள் போய்வருவதில் எழுந்த அலை மரத்தின் வேரை அரித்தது. சாய்ந்த மரம் இன்னும் சாய்ந்தது. பள்ளம் ஒருநாள் ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டிருந்தபோது, அவன் கண்ணெதிரே ஒரு குஞ்சு கூட்டிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. ரொட்டியை அப்படியே டப்பாவில் போட்டுவிட்டு எழுந்தான். அவனுடையது ஏரி வேலைக்கென்றே நீளக் கை வைத்த பொக்லைன். சாப்பாட்டு நேரமெல்லாம் அந்தக் கையை எட்ட நீட்டி, கல்லும் மண்ணுமாக அள்ளி, மரத்தின் வேரடியில் போட்டு அணைத்தான். மரம் நின்றுவிட்டது. அவனுக்கும் நிம்மதி. ஆனால் வாளி போய் வருகிற வழியெல்லாம் மண் சிந்தும் அல்லவா? தினம் ஒரே கோட்டில் சிந்திச் சிந்தி, முழங்கால் ஆழத் தண்ணீருக்கு அடியில் ஒரு வரப்பு எழும்பியிருந்தது. தண்ணீருக்கு மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. அவனும் யாரிடமும் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில் செய்ததை வேலையில் சேர்க்க முடியுமா என்ன!

வெள்ளிக்கிழமை பொறியாளர் அம்மா வந்தார். கரையோரத் தூண் வேலைக்குத் தண்ணீரை ஒரு முழம் இறக்கித் தர முடியுமா, நாரைகளுக்கு ஏதாவது பாதகம் வருமா என்று மதகுக்காரியிடம்தான் முதலில் கேட்டார். நடுவில் ஆழம் இருக்கிறதே, வராது என்று இவளும் சொன்னாள். அவர் கேட்டதும் சரி, இவள் சொன்னதும் சரிதான். வரப்பைப் பற்றித் தெரிந்தவன் அந்த இடத்திலேயே இல்லை. மதகு திறந்தது. தண்ணீர் ஒரு முழம் இறங்கியது. வரப்பின் முதுகு தண்ணீர் மட்டத்தை ஒட்டி வந்துவிட்டது. அது போதாதென்று, தூண் குழாய்கள் வந்து சேரவில்லை என்று தொழிலாளர்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அவர்கள் கொட்டகையில் அடுப்பு எரியவில்லை, மிச்சம் மீதி இல்லை. அந்த மிச்சத்தை நம்பி வந்து பெருகிய நாய்கள் பட்டினி கிடந்தன.

மதகுக்காரி மோட்டார் பொத்தானை அழுத்தினாள். கதவு உறுமிக்கொண்டு இறங்கி, தரையில் உட்கார்ந்தது. மதகுக்குக் கீழே தண்ணீர்ச் சத்தம் அடங்கிவிட்டது. அடங்கி என்ன செய்ய? இறக்க ஒரு பொத்தான் போதும். ஏற்ற வானம் மனது வைக்க வேண்டும். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை.

பொறியாளரைப் போனில் பிடித்து எல்லாவற்றையும் சொன்னாள்.

“வந்துட்டே இருக்கேன்மா,” என்றார் அவர். மூச்சு வாங்கியது. “ரெண்டு விஷயம். கொடிக்கு அந்தப் பக்கம் யாரும் கால் வைக்கக்கூடாது. உங்க தம்பி வண்டியைப் பாதையில ஏத்தக்கூடாது. தண்ணி சட்டுனு இறங்கியிருக்கு, பாதை மண்ணு உள்ள நனைஞ்சு கிடக்கும். சரியும்.”

பாதையின் பாதி தூரத்தில் ஒரு சிவப்புக் கொடி நட்டிருந்தார்கள். அதற்கு அப்பால் எவரும் வண்டியை விட்டு இறங்கக்கூடாது. அந்தச் சட்டத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. வேலை ஆரம்பித்த புதிதில் ஒரு வெல்டர், அவசரத்துக்கு ஒதுங்குகிறேன் என்று பாதை முனையில் இறங்கி நின்றான். அவ்வளவுதான், நாரைக் கூட்டம் முழுவதும் வானத்தில். காக்கைகளுக்கு அன்று விருந்து. வண்டி எவ்வளவு கத்தினாலும் நாரைகள் திரும்பிப் பார்க்காது, பழகிவிட்டன. இரண்டு காலில் ஒரு மனிதன் நின்றால் போதும், பழைய பயமெல்லாம் திரும்பிவிடும்.

ஆகவே மதகுக்காரி கம்பை எடுத்துக்கொண்டு ஓடி நாய்களை விரட்டவும் வழியில்லை. படகில் போகவும் வழியில்லை. நாயைவிட அவள்தான் பெரிய ஆபத்து.

கரையில் ஓர் எஞ்சின் இருமிக்கொண்டு உயிர் பிடித்தது. அதற்குள் அங்கே ஓடிவந்துவிட்ட தம்பியை அவள் மறுபடி போனில் பிடித்தாள்.

“டேய்! வண்டியை எடுக்காதடா. கரை சரியும்னு மேடம் சொல்றாங்க.”

“கேட்டுச்சுக்கா.”

“கேட்டும் எடுக்கறியா?”

“நான் போட்ட மண்ணு. நான் எடுக்காம யாரு எடுக்கறது?”

மஞ்சள் பொக்லைன் பாதையில் ஏறி ஊர்ந்து வந்தது. மதகுக்காரி ஒரு கையில் போனும் மறுகையில் பைனாகுலருமாகக் கம்பியோடு ஒட்டி நின்றாள்.  பைனாகுலரைக் கொஞ்சம் நகர்த்தினால் தம்பி, கொஞ்சம் நகர்த்தினால் குஞ்சுகள். எதைப் பார்ப்பாள்?

நாய்கள் வேரடிக்கு வந்துவிட்டன. மேஸ்திரி மண்ணை மோந்து பார்த்தது. வழக்கப்படி எல்லாம் சரியா என்று சோதிக்கிறது போலும்! காது கிழிந்த கறுப்பு நாய் அப்படி இல்லை. அது மேலே பார்த்தது. சாய்ந்த மரத்தில் முன்காலை வைத்தது. மரம் அதற்கு ஏணி மாதிரி வாகாகக் கிடந்தது. தாழ்ந்த கிளைகளில் இருந்த நாரைகள் எழுந்துவிட்டன. ஒன்று மட்டும் இறக்கையை அகல விரித்து, அலகைத் தடதடவென்று அடித்துக்கொண்டு, குஞ்சுகளின் மேல் குனிந்து நின்றது. உயரக் கிளைகளில் எல்லாக் கழுத்துகளும் நீண்டன. எழுவதற்கு முன் நாரை அப்படித்தான் கழுத்தை நீட்டும். எங்கிருந்தோ காக்கைகள் வந்து உட்கார ஆரம்பித்தன.

“எழும்பப் போகுதுடா,” என்றாள். குரல் தானாகக் குசுகுசுப்பாயிற்று, என்னவோ நாரைகளுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல.

பாதை முனையில் வண்டி நின்றது. நீளக் கை உயர்ந்தது. வாளி மண்ணில் இறங்கித் தட்டியது.

டொம். டொம்.

மேஸ்திரியின் காது நிமிர்ந்தது. எதிரே மரத்தில் சதையின் வாசனை, முதுகுக்குப் பின்னால் ரொட்டியின் சத்தம். பட்டினி கிடந்த வயிறு எந்தப் பக்கம் சாயும்? ஒரு காலைத் தூக்கி வைத்தபடியே அது நின்றது. பள்ளம் மறுபடி தட்டினான். இந்தத் தடவை மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி.

மேஸ்திரி திரும்பியது. வரப்பின் மேல் தண்ணீரைச் சிதறடித்துக்கொண்டு ஓடிவந்தது. இரண்டாவது நாயும் அதன் வாலைப் பிடித்தாற்போல் வந்தது.

கறுப்பு வரவில்லை. மரத்தின் பாதி ஏறிவிட்டது.

“கறுப்பு மேலே போகுதுடா! கூட்டுக்கு வந்துடுச்சு!”

பள்ளம் வாளியை ஏரியில் முக்கி நிறைத்து, கையை முழுக்க நீட்டி, அக்கம்பக்கத்துக் கிளை எதிலும் உரசாமல், சாய்ந்த மரத்தின் மேலே கொண்டுபோய்க் கவிழ்த்தான். ஒரு வாளித் தண்ணீர் என்றால் நம் வீட்டு வாளி இல்லை கண்ணுகளா, ஒரு குளியலறை நிறையும். கறுப்பு வழுக்கி, புரண்டு, ஏரியில் விழுந்தது. தலையை நீட்டி வரப்பைப் பிடித்து, உதறிக்கொண்டு பாதைப் பக்கம் ஓடிவந்தது.

ஆனால் மரத்தின் அடிக்கூடு காலியாக இருந்தது. நாயா, காக்கையா, அந்தத் தண்ணீரேதானா, மதகுக்காரி பார்க்கவில்லை. அந்தக் கணத்தில் அவள் தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் கதவைத் திறந்து, வண்டியில் மறந்துவிட்டிருந்த டிபன் டப்பாவிலிருந்த காய்ந்த ரொட்டியைக் கரைப் பக்கமாகத் தூர வீசினான். கறுப்பும் மற்றதும் அதன் பின்னால் ஓடின. மேஸ்திரி மட்டும் சங்கிலிச் சக்கரத்தில் தாவி ஏறி, கேபினுக்குள் நுழைந்து அவன் காலடியில் உட்கார்ந்துகொண்டது.

“இப்பத் தோண்டு,” என்றாள் அக்கா. “சீக்கிரம். தோண்டிட்டு உடனே பின்னாடி வா.”

தோண்டினான். ஒவ்வொரு வாளியையும் அள்ளி, ஆழப் பக்கம் கொண்டுபோய், சத்தமில்லாமல் தண்ணீருக்குள் இறக்கிவிட்டு வந்தான். குஞ்சுக்காகக் கொட்டிய அதே மண். வரப்பு அறுந்து, நடுவே கறுத்த தண்ணீர் தெரிந்தது. உயரக் கிளைகளில் கழுத்துகள் ஒவ்வொன்றாக மடங்கின. எழுந்துபோன நாரைகள் வட்டமடித்து இறங்கின. காக்கைகள் கத்திப் பார்த்துவிட்டு நகர்ந்தன.

அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். வண்டிக்குப் பின்னால் பாதையின் குறுக்கே ஒரு கோடு, பென்சிலால் இழுத்தது போல.

“டேய், பின்னாடி மண்ணு வெடிக்குது. போதும், வந்துடு.”

“அகலம் பத்தாதுக்கா. இது நாய் தாண்டிடும். இன்னும் ரெண்டு கை.”

“ரெண்டு கையும் வேணாம், ஒரு கையும் வேணாம். வாடா!”

ஒரு கை அள்ளினான். இரண்டாவதற்கு வாளியை நீட்டும்போது பாதை பெருமூச்சு விட்டது. அவளுக்குச் சத்தம் கேட்கவில்லை. இடது பக்க மண் அப்படியே தண்ணீருக்குள் உட்காருவதும் வண்டி சாய்வதும்தான் தெரிந்தது. கேபின் ஏரியைப் பார்த்துக் குனிந்தது. 

கீழே விழப்போகிறவன் கையை ஊன்றுவதுபோல, நீளக் கை வேகமாக இறங்கி, வாளி ஏரிப் படுகையில் குத்தி ஊன்றியது. சாய்ந்த வண்டி அந்த ஒற்றைக் கையில் நின்றது.

“டேய்.”

போனைக் காதோடு அழுத்தினாள்.

“டேய்! தம்பி!”

“இருக்கேன்க்கா. மேஸ்திரி என் மடியில ஏறிட்டா. சரியான கனம்.”

அவள் அப்படியே நடைமேடையில் உட்கார்ந்துவிட்டாள். பொறியாளர் படியேறி ஓடிவந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. அவர் பைனாகுலரை வாங்கிப் பார்த்தார். பிறகு போனுக்குக் குனிந்து, “எஞ்சினை நிறுத்து. வலது கதவு வழியா இறங்கி நடந்து வா. இப்பவே,” என்றார்.

எஞ்சின் நின்றது. ஏரி முழுக்க அமைதி. ஆள் இறங்கவில்லை.

“மேடம், மேல பாருங்க,” என்றான் அவன்.

வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு கூட்டிலும் ஒரு நாரை இறக்கைகளைக் குடைபோல விரித்துக்கொண்டு, வெயிலுக்கு முதுகைக் கொடுத்து நின்றது. அந்தக் குடை நிழலில் குஞ்சுகள் வாயைத் திறந்து இளைத்துக்கொண்டிருந்தன.

“இப்ப நான் கால் வெச்சா குடையெல்லாம் எழும்பிடும். எல்லாம் வெந்துடும். வெயில் தாழட்டும் மேடம். நான் இருக்கேன்.”

“ஆள்தான்யா முக்கியம்!” பொறியாளர் அவள் பக்கம் திரும்பினார். “அம்மா, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பான்.”

அவள் சொன்னால் கேட்பான், அது உண்மைதான். தாய் இல்லாத வீட்டில் அவனை இடுப்பில் சுமந்தவள் அவள். இறங்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்தாள். மரத்தைப் பார்த்தாள். பாதையில் இருந்த கோட்டைப் பார்த்தாள். 

“இந்தா பாரு,” என்றாள் கடைசியில், பைனாகுலரைத் திரும்ப வாங்கிக்கொண்டு. “நான் அந்தக் கோட்டை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டேன். ஒரு விரல் அகலமாச்சுன்னா சொல்லுவேன். நாரை, குஞ்சு, எதையும் பார்க்காம நீ இறங்கி ஓடணும். ஏன் எதுக்குன்னு ஒரு கேள்வி வரக்கூடாது.”

“வராது.”

“என் மேல சத்தியம் பண்ணு.”

“உன் மேலயா? நீதான் ஏற்கெனவே பாதி உசிர்ல இருக்கே.”

“வெளிய வா, உன்னை நானே கொன்னுடறேன்.”

அந்த மதியம் ஒரு வருஷம் மாதிரி நீண்டது. பொறியாளர் மரத்தைப் பார்க்க, மதகுக்காரி கோட்டைப் பார்க்க, நடுவில் போன் திறந்தே கிடந்தது. கேபினுக்குள் இரும்பு கொதித்தது. அவன் பாட்டில் தண்ணீரை டப்பா மூடியில் ஊற்றி முதலில் மேஸ்திரிக்குக் கொடுத்தான். அது நக்குகிற சத்தம் போனில் வந்தது.

“அந்த மண்ணைப் பத்தி என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் தண்ணியையே இறக்கியிருக்க மாட்டேன்,” என்றார் பொறியாளர் ஒருமுறை. கோபமாகச் சொல்லவில்லை.

“சொல்லணும்னே தோணலை மேடம். நல்லதுதானே பண்றோம்னு இருந்துட்டேன்.”

“சாப்பாட்டு நேரத்துல ஒழுங்கா சாப்பிட்டிருந்தா இந்த வம்பே இல்லை,” என்றாள் அக்கா, கோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிற்பகலில் கோடு அசைந்தது. அவள் எழுந்துவிட்டாள். அதே நேரம் வண்டி முனகிக்கொண்டு ஒரு சாண் நழுவியது. மேஸ்திரி பயந்து ஊளையிட வாயைத் திறந்தது. நாய் குரல் கேட்டால் நாரைகள் என்ன செய்யும்? பள்ளம் அதன் வாயை இரண்டு கையாலும் பொத்தி, முகத்தை அதன் கழுத்தில் புதைத்துக்கொண்டான். மரத்தில் கழுத்துகள் நீண்டன.

“அம்மா, கோடு?” என்றார் பொறியாளர்.

ஒரு விரலா? முக்கால் விரலா? இவ்வளவு தூரத்திலிருந்து எதை வைத்து அளப்பாள்? சொல்லிவிடலாம், யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்? ‘இறங்கு’ என்கிற சொல் நாக்கு நுனியில் வந்து நின்றது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, மறுபடியும் பார்த்தாள்.

“இன்னும் இல்லை,” என்றாள்.

வண்டி நின்றது. கழுத்துகள் மடங்கின. பொறியாளர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இருவர் கையும் ஈரம்.

வெயில் மரத்துக்குப் பின்னால் இறங்கி, நிழல் நீண்டு கூடுகளை மூடியது. நாரைகள் ஒவ்வொன்றாக இறக்கையை மடித்தன. வலது கதவு திறந்தது. பள்ளம் மேஸ்திரியைத் தோளில் போட்டுக்கொண்டு மேல் பக்கமாக ஏறி வந்தான்.

“நிமிந்து நிக்காதடா,” என்றாள். “நாலு கால்ல வா.”

“என்னது?”

“நாலு கால்ல வாடா. கொடி வரைக்கும்.”

அவன் நாயை இறக்கிவிட்டு, கையும் காலுமாக ஊர்ந்தான். வெடித்த கோட்டை வயிற்றால் தேய்த்துக்கொண்டு தாண்டினான். மேஸ்திரி வழக்கம்போல முன்னால் போய், மண்ணை மோந்து பார்த்து, திரும்பி நின்றது. மரத்தில் நாலைந்து நாரைகள் எழுந்தன, ஒரு சுற்று சுற்றி, மறுபடி உட்கார்ந்தன. அவ்வளவுதான்.

கொடியருகே மதகுக்காரி ஓடிப்போய் நின்றாள். அவன் எழுந்து நின்றதும் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தாள். இரண்டாவது அறைக்குத் தூக்கிய கை அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டது.

மறுநாள் வண்டி முதலாளி வந்து வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். பொறியாளர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: குஞ்சுகள் பறக்கிறவரை வரப்பில் போட்ட அந்த வெட்டு அப்படியே இருக்கும், வண்டியும் அப்படியே இருக்கும், பாலம் தாமதமானால் அதற்குத் தான் பொறுப்பு. தாழ்ந்த கிளைகளில் சில கூடுகள் வெறுமையாகின. அந்த நாரைகள் கொஞ்ச நாள் காலிக் கூட்டருகே நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டன. எங்கே போயின, யாருக்குத் தெரியும்? மற்றவை இருந்தன. மேஸ்திரியை மதகு வீட்டில் கட்டிப்போட்டார்கள். அதற்கு அது பெரிய மானக்கேடு. மதியமானால் சாய்ந்து நிற்கிற வண்டியைப் பார்த்து, ஏன் தட்டவில்லை என்பது போல முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

குஞ்சுகள் பறக்கப் பழகின. மழை வந்து ஏரி ஏறியது. வண்டியைத் தூக்கக் கிரேன் வருகிறது என்று செய்தி வந்த அன்று, அக்காளும் தம்பியும் நடைமேடையில் நின்றிருந்தார்கள். தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த நீளக் கையின் முழங்கையில் ஒரு நீர்க்காகம், சிறகைக் காயவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. அது தினமும் உட்காருகிற இடம்தான். ஆனால் அன்று இன்னொன்று பறந்து வந்தது, வாயில் ஒரு குச்சியோடு. குச்சியை முழங்கையின் மடிப்பில் செருகிவிட்டு, அடுத்ததைக் கொண்டுவரப் போனது. அங்கே ஏற்கெனவே ஒரு கைப்பிடிக் குச்சிகள் சேர்ந்திருந்தன.

“பருவம் தப்பி வந்திருக்குது,” என்றாள் அக்கா. “போச்சுடா உன் வண்டி.”

அவன் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்து, காதில் வைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“மேடம், பள்ளம் பேசறேன். உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்.”